இந்த மாதத்து நற்பண்பு

உட்காருங்க, மீட்டிங் முடிஞ்சதும் கூப்பிடுவாங்க என்று ஆயாம்மா காளியம்மா காட்டிவிட்டுப் போன பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. நான் இந்தப் பக்கம் அசைந்தால் அது அந்தப் பக்கம் டக்கென்று இடிக்கிறது. இடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஹெச்.எம். அறை வாசலில் சுவரோடு சுவராக நிற்கிற மதி தலை தூக்கிப் பார்க்கிறாள், நான் பார்த்தால் குனிந்துகொள்கிறாள். நிறைமதி, ஒன்பதாம் வகுப்பு, என் மகள். ஆடித் தள்ளுபடி நாளில், நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில், சேலை செக்‌ஷனில் மூச்சு விட இடமில்லாத நேரத்தில் போன் வருகிறது, உங்க பொண்ணு ஒரு பிரச்சினை பண்ணியிருக்கா உடனே வாங்க என்று. என்ன பிரச்சினை என்று கேட்டால் நேரில் வாங்க என்கிறார்கள். அதைப் போனிலேயே சொன்னால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு. ஆட்டோவில் வருகிற வழியெல்லாம் மாடிப்படியில் உருண்டாள், தலையில் அடி, யாரோடோ போய்விட்டாள், தண்ணீர்த் தொட்டி, என்னென்னவோ ஓடுகிறது. காவிரிப் பாலத்தில் டிராஃபிக். டிரைவர் ஹாரன் அடிக்காமல் சாவகாசமாகப் பாட்டுக் கேட்கிறான். வந்து பார்த்தால் முழுசாக நிற்கிறாள், கை கால் எல்லாம் இருக்கிறது. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. அதன் மேலேயே எரிச்சல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒன்றுமில்லாததற்கா இப்படி ஓடிவந்தேன் என்று. உள்ளே ஹெச்.எம். மேடம் ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கிறார். மூடின கதவு வழியாக ஒரு ஆண் குரல் கரகரக்கிறது, நடுநடுவே மேடம் எஸ் சார், எஸ் சார் என்கிறார். கடையில் நான் சந்தானம் சாரிடம் சொல்வது போலவே இருக்கிறது, அதே இழுப்பு.

என்ன நடந்தது என்பதைக் காளியம்மாதான் சொன்னாள், டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் குனிந்து. "ஒரு பிள்ளை தெனம் லேட்டுங்க. ஜெனிட்டான்னு. இன்னிக்கும் லேட்டு. ஹேமா டீச்சரு வெளிய நில்லுன்னுட்டாங்க. வெயில்ல. கொஞ்ச நேரம் கழிச்சு உங்க பொண்ணு எந்திரிச்சு, நானும் அவகூட நிக்கிறேன் மிஸ்னு போயிருச்சு. டீச்சரு உள்ள வாங்குது, இது அவளையும் கூப்பிடுங்க வர்றேங்குது. அது பின்னாடியே நாலஞ்சு. அப்புறம் பாதி கிளாஸ் வெளிய. டீச்சரு பாவம் அழுதுருச்சு, வந்து ஒரு வருசங்கூட ஆகல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் சந்தோஷப்படுவேனா திட்டுவேனா என்று. எனக்கே தெரியவில்லை. வெளியே போன மற்றப் பிள்ளைகளை எல்லாம் திரும்ப வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்களாம். மதியை மட்டும் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆரம்பித்தவள் இவள் அல்லவா. அந்த ஜெனிட்டா எங்கே என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வராந்தாத் தூண்களுக்கு நடுவே பார்த்தால் தெரிகிறாள், மைதானத்து ஓரம், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், பையை முதுகில் இருந்து இறக்கக்கூட இல்லாமல். ஒல்லிக்குச்சி. எண்ணெய் வைத்துப் பின்னின ரெட்டைச் சடை. இத்தனை களேபரமும் யாருக்காக நடந்ததோ அவள் மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கிறாள். அவளை அங்கே நிறுத்தியது அத்தனை பேருக்கும் மறந்துபோய்விட்டது போல.

எனக்கு நேர் எதிரே சுவர் முழுக்கச் சார்ட் ஒட்டியிருக்கிறார்கள். இந்த மாத நற்பண்பு, பரிவு. தெர்மாகோல் எழுத்து, சுற்றிக் காகிதப் பூ. கீழே பிள்ளைகள் வரைந்த படங்கள். தாத்தாவைக் கைபிடித்து ரோடு தாண்டவைக்கிறார்கள், நாய்க்குத் தண்ணீர் வைக்கிறார்கள், மறுபடியும் ஒரு தாத்தா, மறுபடியும் ரோடு. எத்தனை தாத்தாக்கள். நான் இந்த ஊரில் இத்தனை வருஷமாக ரோடு தாண்டுகிறேன், யூனிஃபார்ம் போட்ட பிள்ளை ஒன்று ஒரு கிழவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கிருந்து வந்தது இந்தப் படம் எல்லாப் பிள்ளைகளின் தலையிலும். வெயிலில் ஒருத்தி நிற்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லை, அதை வரைந்தால் பரிசு கிடைக்காது. பரிசு கிடைக்கிற பரிவு, கிடைக்காத பரிவு. இந்த மாதம் பரிவு, அடுத்த மாதம் வேறொன்று மாற்றுவார்கள், தெர்மாகோலைப் பிய்த்து எடுத்துவிட்டு. மதி என்று கூப்பிட்டேன் மெதுவாக. வரவில்லை. இங்கே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்ணாலேயே காட்டினாள். அட, இப்போது மட்டும் சொன்ன இடத்தில் நிற்கிறாள். நானே எழுந்து போனேன். "ஏண்டி போனே?" "சும்மாதாம்மா." "சும்மாவா? அவ உன் ஃப்ரெண்டா?" "இல்ல. அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆறாவதுல என் ஜாமெட்ரி பாக்ஸைக் கீழ போட்டு ஒடச்சா, சாரிகூடச் சொல்லல." "பின்ன என்னத்துக்கு?" நகத்தால் சுவரைச் சுரண்டினாள், சுண்ணாம்பு உதிர்ந்தது. "ஜன்னல்ல தெரிஞ்சுக்கிட்டே இருந்தாம்மா. போர்டைப் பாத்தாலும் தெரியறா, நோட்டைப் பாத்தாலும் தெரியறா. கணக்கே ஏறல." "அதுக்கு ஜன்னல் பக்கம் உக்காராம இருக்கணும்," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை. நான் என்ன சொல்லிவிட்டேன், சரியாகத்தானே சொன்னேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எல்லாம்தான் தெரியும், தெரிகிறதற்கெல்லாம் எழுந்து போனால் வாழ முடியுமா. இவள் அப்பா அப்படித்தான். எவன் கேட்டாலும் வண்டியைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு நடந்து போகிற ஆள். வீட்டில் ஒன்று போதாதா.

போன் அதிர்ந்தது. சந்தானம் சார், எங்கள் ஃப்ளோர் மேனேஜர். பெஞ்சுக்குத் திரும்பி வந்து எடுத்தேன், அது டக்கென்றது. "மங்கை, எப்ப வர்ற?" "ஸ்கூல்ல இருக்கேன் சார், ஹெச்.எம். இன்னும் கூப்பிடல." "இங்க உன் செக்‌ஷன்ல செண்பகம் கீழ உக்காந்துட்டா. கவுன்டருக்குப் பின்னாடி, சேலைக் கட்டு மேல. சின்ன முதலாளி கேமராவுல பாத்துட்டு எனக்குப் போன் அடிக்கிறாரு. எந்திரின்னா வயித்து வலிங்கறா. எல்லாத்துக்கும் இன்னிக்குத்தான் வயித்து வலி வருமா?" "நான் வந்து பாத்துக்கறேன் சார்." "நீ வர்ற வரைக்கும் நான் என்ன சொல்றது அவருக்கு?" வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னேனே, என்னத்தைப் பார்ப்பேன். எனக்குச் செண்பகத்தின் வயிற்று வலி தெரியும், மாசாமாசம் முகம் வெளிறி உதட்டைக் கடித்துக்கொண்டு சேலை விரிப்பாள், வாடிக்கையாளர் அந்தப் பச்சை, இந்த அரக்கு, இல்ல அந்தப் பச்சையவே மறுபடி எடும்மா என்பார்கள். கடை ஹாஸ்டலிலேயே தங்கி, கடையிலேயே சாப்பிட்டு, தென்காசிப் பக்கம் எங்கோ இருக்கிற அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிற பெண். கடையில் வேலை பார்க்கிறவர்கள் உட்காரலாம் என்று சட்டமே வந்தாயிற்று. வந்த புதிதில் எங்கள் கடையிலும் சிவப்பு ஸ்டூல் வாங்கினார்கள், கவுன்டருக்கு ஒன்று. அதிகாரி யாராவது வருகிற அன்று வெளியே வரும், போனதும் குடோனுக்குப் போய்விடும். உட்கார வைத்துப் பார்த்தால் கடை தூங்குகிற மாதிரி தெரியுதாம், சின்ன முதலாளி சொன்னாராம். அதை எங்களிடம் சந்தானம் சார் சொன்னார், சந்தானம் சார் சொன்னதைக் கவுன்டரில் நிற்கிற பிள்ளைகளிடம் இன்சார்ஜான நான் சொன்னேன். இரக்கம் பாத்தா ஏவாரம் பண்ண முடியாது. எல்லாம் பார்க்கிறதுதான். இரக்கம் பார்க்கிறது, பாவம் பார்க்கிறது, முகதாட்சண்யம் பார்க்கிறது. கேமராவிலும் பார்க்கிறார்கள். பார்த்து முடித்த பிறகு செய்கிறதற்குத்தான் ஆள் இல்லை.

வெயில் ஏறிக்கொண்டே வருகிறது. ஆடியில் காற்றடிக்கும் என்பார்கள், திருச்சியில் அடிப்பதும் அடுப்பு ஊதுகிற மாதிரிதான். அந்தப் பெண் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கிறாள். அந்த மாற்றம் எனக்குத் தெரியும், நின்று பழகினவர்களுக்குத்தான் வரும் அது. இடது இடுப்பை விட்டுக்கொடுத்து வலது முழங்காலை லேசாகத் தளர்த்தி, யாரும் கவனிக்காதபடி. என் கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் புழு மாதிரி சுருண்டு கிடக்கிறது, ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்தால்தான் தூக்கம். மதி வயிற்றில் இருந்தபோது வந்தது அது. அப்போது நான் பட்டு செக்‌ஷனில் வெறும் சேல்ஸ்கேர்ள். நிறைமாசம் நெருங்குகிறது, சேலை விரித்துக் காட்டக் குனிய முடியாது, மூச்சு முட்டும். கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு அம்மா, மூக்கில் வைரம், நல்ல முகம், நீ உக்காரும்மா தாயி, நாங்களே எடுத்துப் பாத்துக்கறோம் என்று என் தோளைப் பிடித்து மேடையில் உட்கார வைத்துவிட்டார். அந்த நிமிஷம் காலில் இருந்து என்னவோ இறங்கி ஓடினதே, அதற்கு இன்றைக்கும் எனக்கு வார்த்தை கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சேலை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் என்னைப் பட்டில் இருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் உள்பாவாடைக்குப் போட்டார்கள். காற்று இல்லாத இடம். கஸ்டமரை வேலை செய்ய விட்டுட்டு உக்காந்துக்கிட்டியாமே என்று அப்போதிருந்த இன்சார்ஜ் கேட்டாள். அந்த அம்மாவை நான் திட்டினேன், மனசுக்குள், நிறைய நாள். உன்னை யார் கேட்டது, நீ பாட்டுக்கு வந்து இரக்கப்பட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று. திட்டினாலும் அந்தக் கை தோளில் இருந்தது மறக்கவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகிறது, ஒன்றை விட்டு ஒன்று வரமாட்டேன் என்கிறது. மதியால் அந்த ஜெனிட்டாவுக்கு இப்போது என்ன லாபம். அவள் மட்டும் நின்றிருந்தால் முதல் பீரியட் முடிந்ததும் உள்ளே போயிருப்பாள். இவள் எழுந்து போனதால் அது தகராறாகி, தகராறு பெரிய இடத்துக்குப் போய், அந்தப் பெண் இன்னும் நிற்கிறாள். இதை மதிக்கு எப்படிச் சொல்வது. சொன்னால் என்ன கற்றுக்கொள்வாள். அடுத்த தடவை உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்றா. எனக்குத் தலை வலித்தது.

மறுபடி போன். "மங்கை, சின்ன முதலாளி அவளை ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போகச் சொல்றாரு. ஆடி முடியட்டும் சார்னு சொல்லிப் பாத்துட்டேன். எனக்கு மட்டும் ஆசையா இவ்வளவு கூட்டத்துல ஒரு ஆளை அனுப்ப? நீ போன்ல அவகிட்ட சொல்லு, எந்திரிச்சு நின்னுட்டா போதும், நான் அவரைச் சமாளிச்சுக்கறேன்." போன் கை மாறுகிறது. அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல், யாரோ ஜாக்கெட் பிட் இருக்கிறதா என்கிறார்கள். "அக்கா," என்கிறாள் செண்பகம், அவ்வளவுதான். எழுந்திரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சிட்டு நில்லுடி, நான் வந்துர்றேன், எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்ன வாக்கியம், தானாகவே வரும். கொடிக்கம்பத்தடியில் அந்தப் பெண் மறுபடி கால் மாற்றினாள். உள்ளே எஸ் சார். எதிரே தாத்தா ரோடு தாண்டுகிறார். எனக்கு வந்தது இரக்கம் இல்லை, சத்தியமாக இல்லை. எரிச்சல். உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிச்சல். ஒரு பெண் கீழே உட்கார்ந்ததற்கு நான்கு பேர் போனில் பேசுகிறோமே, இதற்கு ஆகிற நேரத்தில் அவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்திருக்கலாமே என்கிற எரிச்சல். "செண்பகம், சார்கிட்ட போனைக் குடு," என்றேன். "சார், குடோன்ல இருந்து ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அவ அதுல உக்காந்து சேலை மடிக்கட்டும். கீழ உக்காந்தாத்தான கேமராவுல அசிங்கமா தெரியுது." "யார் சொன்னதுன்னு கேட்டா?" "என் பேரைச் சொல்லுங்க." "மங்கை, யோசிச்சுப் பேசு." "யோசிக்கல்லாம் நேரமில்ல சார், ஹெச்.எம். கூப்பிடறாங்க." கூப்பிடவில்லை. பொய். போனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டேன். வேலை போனால் மதிக்கு டியூஷன், வீட்டு வாடகை, இந்த வயதில் வேறு கடையில் யார் எடுப்பார்கள், இன்சார்ஜாக இருந்தவளை மறுபடி கவுன்டரில் நிறுத்துவார்கள். நிறுத்துவார்கள். அந்த வார்த்தையிலேயே மனசு மாட்டிக்கொண்டு சுற்றியது, ஸ்டூல் குடோனில் எந்த மூலையில் இருக்கும், மேலே பாவாடைக் கட்டு அடுக்கியிருப்பார்களே, எடுக்கிறவன் சலித்துக்கொள்வானே என்று வேண்டாததையெல்லாம் நினைத்துக்கொண்டு.

நிஜமாகவே கதவு திறந்தது. திரிபுரசுந்தரி மேடம் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரண்டு பக்கத்தையும் அழுத்திக்கொண்டிருந்தார். அரைத்த மாவு காய்ந்த மாதிரி முகம். மேஜை மேல் மூடி திறக்காத டிபன் பாக்ஸ். மதியும் என்னோடு உள்ளே வந்தாள். நாற்காலி காட்டவில்லை, வேண்டுமென்று இல்லை, மறந்துவிட்டார். "உங்க பொண்ணு நல்லா படிக்கற பொண்ணு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இன்னிக்கு அவ பண்ணினதுக்குப் பேரு ஸ்ட்ரைக். ஒரு டீச்சர் பேச்சைக் கேட்டுப் பாதி கிளாஸ் வெளிய வந்தா பரவால்ல. ஒரு பொண்ணு பேச்சைக் கேட்டு வந்தா அப்புறம் நான் ஸ்கூல் நடத்த முடியுமா?" "முடியாதுங்க," என்றேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "பரிவைப் பத்தி நாங்களே சொல்லிக்குடுக்கறோம், பாத்திருப்பீங்க. பரிவு வேற, டிசிப்ளின் வேற. லேட்டா வர்ற பிள்ளைங்க எண்ணிக்கை தினம் மேல போகுது, மேல இருந்து என்னைக் கேக்கறாங்க, நான் ஹேமலதாவைக் கேக்கறேன், அவ பிள்ளைங்களைக் கேக்கறா." சொல்லிவிட்டு அவரே ஒரு நொடி நின்றார், சொன்னது காதில் விழுந்த மாதிரி. "நாளைக்குப் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் ஹேமா டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்." மதியைப் பார்த்தேன். "டீச்சர் அழுதாங்களாமே," என்றேன். தலையாட்டினாள். "அது எனக்குத் தெரியாதும்மா அப்ப. அவங்ககிட்ட நான் சாரி சொல்றேன். அவங்க அழுதது எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வெளிய போனதுக்குச் சொல்ல மாட்டேன்." "மேடம், டீச்சர்கிட்ட தனியா போய்ச் சொல்லுவா. பிரேயர்ல வேண்டாம்," என்றேன். "அப்ப மூணு நாள் கிளாஸுக்கு வெளியதான் இருக்கணும்." "சரிங்க மேடம்," என்றாள் மதி, நான் வாயைத் திறக்கிறதற்குள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

வேலை முடிந்தது, நான் கிளம்ப வேண்டியதுதான், கடையில் என்ன நடக்கிறதோ. கிளம்பியிருக்கலாம். மேடத்தின் அறை ஜன்னலிலும் அவள் தெரிந்துதொலைத்தாள். "அந்தப் பொண்ணு ஏன் மேடம் தினம் லேட்டு?" என்று கேட்டேன். மதிதான் பதில் சொன்னாள். "அவ அம்மா ஆஸ்பத்திரியில க்ளீனிங். விடியறதுக்கு முன்னாடியே போயிருவாங்க. இவ தம்பிய அங்கன்வாடியில விடணும், அங்க டீச்சர் வந்து கதவு தொறந்தாத்தான் விட முடியும். நம்ம ஸ்கூல் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிரும்." மேடம் பேனாவை மூடினார், திறந்தார். "அவங்க அம்மாவுக்கும் போன் பண்ணிட்டோம். எடுக்கல. வீட்டுல இருந்து யாராவது வந்து பேசினாத்தான் உள்ள விட முடியும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே." "நான் வந்திருக்கேனே மேடம்." "நீங்க உங்க பொண்ணுக்கு வந்திருக்கீங்க." "அவளுக்கும் சேத்து வந்ததா வச்சுக்கங்க." "நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார் மேடம். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில் எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விதான். சித்தி, அத்தை, பெரியம்மா என்று ஏதாவது வேண்டும். ஒன்றும் வேண்டாதவர்கள் ஒன்றும் பேச முடியாது. பெரியம்மா என்று பொய் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது, இன்றைக்கு ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாயிற்று. "ஒண்ணும் வேணாங்க மேடம்," என்றேன். "அந்தப் பொண்ணு நிழல்ல உக்காரணும். அவ்வளவுதான்." கொஞ்சம் சத்தமாகத்தான் வந்துவிட்டது. மேடம் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார், அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம். "காளியம்மா, அந்தப் பிள்ளைய வராந்தாவுல வந்து உக்காரச் சொல்லு. அம்மா வர்ற வரைக்கும். இன்னிக்கு மட்டும்." நாளைக்கு அங்கன்வாடி சீக்கிரம் திறந்துவிடுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் இதுவும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

காளியம்மாவுக்கு முழங்கால் வலி, மைதானத்துக்கு இறங்க அவள் சேலையைத் தூக்கிச் செருகுவதற்குள் நானே இறங்கிவிட்டேன். செருப்பு வழியாகக்கூட மண் சுட்டது. கிட்டே போனால் அந்தப் பெண்ணின் உதட்டு மேல் உப்புப் பூத்திருந்தது, கழுத்துப் பட்டி நனைந்து கறுத்திருந்தது. நான் யார் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், மதிக்கு என் மூக்கு. பையை வாங்கக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை, பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வா, நிழலுக்கு வரச் சொல்லிட்டாங்க." "எனக்கு ஒண்ணும் வலிக்கல," என்றாள். "உள்ள யார்கிட்ட என்ன சொன்னீங்க? அம்மாவ வரச் சொன்னாங்கன்னா அம்மாவுக்கு அரை நாள் போயிரும். உங்க பொண்ணு எந்திரிச்சு வராம இருந்திருந்தா இந்நேரம் நான் கிளாஸ்ல இருப்பேன்." ஒரு வார்த்தை தப்பில்லை. அவள் பேசுவது முழுக்க எனக்கு மனப்பாடம், அவளைவிட நீளமாகவே என்னால் சொல்ல முடியும். முன்னால் நடந்தாள், நான் பின்னால். வராந்தாவுக்கு ஏறினதும் அந்தக் கால் குட்டைப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உட்காராமல். தூணைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றினாள்.

"உங்களை யாரு ஆன்ட்டி கேட்டா?" என்றாள்.

"யாரும் கேக்கல," என்றேன். "உக்காரு."